ஓர் அறைக்கு நால்வர்

விருதுநகர்
12.6.2003

அன்புள்ள நசிமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ விடுதி போய்ச் சேர்ந்ததைச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தபோது உன் குரலைவிட, பக்கத்தில் நின்று யாரையோ அதட்டிய விடுதிக் காப்பாளரின் குரலே தெளிவாகக் கேட்டது. ஆகையால் இனிக் கடிதமே எழுதிக்கொள்வோம். தொலைபேசி அவசரத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

நேற்று உன் சிவகாசி அச்சகத்தின் முதலாளி ராஜபாண்டியன் ஆமத்தூரில் எங்கள் பட்டாசுத் தொழிற்சாலை வாசலில் காரை நிறுத்தி என்னை அழைத்தார். உன்னிடம் சொன்னதையே என்னிடமும் ஒருமுறை சொல்லிவைக்க விரும்பினார் போலும். அவர் சொற்களிலேயே எழுதுகிறேன்: "ஆடிப் பதினெட்டுக்கு, யாவாரிகளுக்குக் காட்டுற புது வருசக் காலண்டர் ஆல்பம் வெளிய வரணும் சார். அதுவரைக்கும் சர்வர் மக்கர் பண்ணாம ஓடிருச்சுன்னா, சிஸ்டம் பொறுப்பு ஒங்க வீட்ல அவுகளுக்குத்தான். நின்னுச்சுன்னா மதுரைக் கம்பெனிக்காரங்கிட்டக் காண்ட்ராக்ட் விட்ருவேன். பெறகு வருத்தப்படக் கூடாது." வருத்தப்பட மாட்டோம் என்று உன் சார்பில் நான் வாக்களிக்கவில்லை.

அச்சக மேலாளர் சங்கிலிமுத்துவும் பேருந்து நிலையத்தில் என்னைக் கண்டார். சர்வரின் மூலக் கடவுச்சொல், அதாவது நீ 'ரூட்' என்பது, உன்னையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது என்பது அவருக்கு மிகுந்த மனக்குறை. "மேனேஜர்னு பேரு, ஒரு சாவி கெடையாது. ஊர்ல கேட்டாச் சிரிப்பாக சார்" என்றார். அச்சகத்தில் ஒவ்வொருவரும் இன்னொருவருக்கு மச்சினனோ மாமனோ ஆகையால் ஒருவரிடம் சொன்னது எல்லாரிடமும் சொன்னதாகும் என்பதாலேயே நீ அதை என்னிடம் ஒப்படைத்தாய் என்று விளக்கினேன். அவர் இன்னும் வருந்தினார். அவரும் முதலாளிக்கு மச்சினர் என்பது அப்புறந்தான் நினைவுக்கு வந்தது.

நீ புறப்பட்ட அன்று, இந்தக் கணினிப் பயிற்சிச் சான்றிதழ் அரசு அங்கீகாரம் பெற்றதுதானா என்று நான் கேட்டதில் உனக்கு வருத்தம் இருப்பதை அறிவேன். மூன்று முறை கேட்டிருக்க வேண்டியதில்லை. ஒரு முறை கேட்டது சரியே.

காலைப் பேருந்தில் உன் இருக்கையில் இப்போது வெற்றிலைக்கூடையுடன் ஒருவர் உட்காருகிறார்.

அன்புடன்,
ஜாபர் சாதிக்


சென்னை
19.6.2003

அன்புள்ள மச்சானுக்கு,

வ அலைக்கும் ஸலாம். வெற்றிலைக்கூடைக்காரரை இடம் மாறி உட்காரச் சொல்லுங்கள். அது மூன்றாம் வரிசை ஜன்னல். பத்து வருடமாக என்னுடையது.

என் வகுப்பில் எனக்கு அடுத்த மூத்தவளுக்கு வயது இருபத்து நான்கு. எனக்கு நாற்பத்து மூன்று. எல்லாரும் 'ஆன்ட்டி' என்கிறார்கள். பாடம் நடத்தும் ரோஷினி மிஸ்ஸுக்கு நம் பெண் ஹாதியாவைவிட நான்கு வயது கூட இருந்தால் அதிகம். முதல் வாரம் முழுக்க எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. ஒரு எழுத்து மாறினால் இயந்திரம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. உங்களைப் போலவே.

இந்த வாரம் ஒரு நல்ல காரியம் நடந்தது. ஒரே சர்வரில் ஒரே நேரத்தில் நாற்பது பேர் வேலை செய்யலாம். ஒருவர் செய்வது இன்னொருவரைக் கெடுத்துவிடாமல் பார்ப்பதுதான் நான் படிக்க வந்திருக்கும் வேலை. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, சேர்ந்து வேலை செய்பவர்களுக்கு ஒரு குழு, ஒவ்வொரு கோப்பறையையும் யார் பார்க்கலாம், யார் மாற்றலாம் என்று தனித்தனி அனுமதி. "எல்லாரும் ஒரே கம்பெனி ஆட்கள்தானே, எல்லாவற்றையும் எல்லாருக்கும் திறந்துவிட்டால் என்ன?" என்று மிஸ் கேட்டார். நான் எழுந்தேன். "எங்க வீட்டுக்காரர் பட்டாசு ஆபீஸ்ல பாதுகாப்பு அதிகாரியா இருக்காக. அங்கன வெடிமருந்து கலக்குறவுக ஒரு அறை, மருந்து செலுத்துறவுக ஒரு அறை, திரி வைக்கிறவுக ஒரு அறை. நடுவுல எடம் விட்டுத்தான் கட்டியிருப்பாக. ஓர் அறைல நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாது. ஒரு அறைல தீப்பிடிச்சா அடுத்த அறைக்குப் போகக் கூடாதுல்ல, அதுக்குத்தான்" என்றேன். முதலில் மிஸ் கை தட்டினார். பிள்ளைகள் எல்லாம் தட்டினார்கள்.

இருபத்திரண்டு வருடம் சோற்றோடு சோறாக உங்கள் விதிகளைக் கேட்டேன். காதில் விழவேயில்லை என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் சொன்னார்கள். ரூட்டாக உள்ளே போகிறவர் காரியம் முடிந்ததும் உடனே வெளியே வந்துவிட வேண்டும். அன்றாட வேலைக்கு அவருக்கும் சாதாரணக் கணக்குத்தான். கலவை அறையில் உட்கார்ந்து டீ குடிப்பீர்களா? அது போலத்தான்.

நசிமா


விருதுநகர்
2.7.2003

அன்புள்ள நசிமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். வகுப்பில் கை தட்டியது உனக்கா, வெடிபொருள் விதிகளுக்கா என்று ஹாதியாவிடம் கேட்டேன். "அத்தா, இதுக்கு நீங்க சந்தோசப்பட்டாப் போதும், தீர்ப்புச் சொல்ல வேணாம்" என்றாள். சந்தோஷப்பட்டேன்.

திங்கட்கிழமை அச்சகத்தில் சர்வரின் இடம் நிறைந்து யாராலும் எதையும் சேமிக்க முடியாமல் போனது. நீ விட்டுச் சென்ற வழிமுறைப்படி, தொழிற்சாலை முடிந்தபின் நானே சிவகாசி சென்று, பழைய தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்கினேன். பல ஊர்க் கோயில் சாமி படங்கள் ஒன்றுக்கு ஏழு பிரதிகளாகக் கிடந்தன. அவற்றை நான் தொடவில்லை. கடவுச்சொல்லைத் தட்டும்போது விசைப்பலகைமீது கைக்குட்டையை விரித்துக்கொண்டேன். சங்கிலிமுத்து பின்னால் நின்று, "என்ன சார், பொண்ணு பாக்க வந்த மாதிரி மூடிக்கிட்டு இருக்கீக?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கைக்குட்டையை எடுக்கவில்லை.

ஒன்றை மட்டும் கவலையுடன் குறிப்பிடுகிறேன். அங்கே கோப்பறைகள் எல்லாம் எல்லாருக்கும் திறந்து கிடக்கின்றன. விலைப்பட்டியல், ஆல்பம் வடிவங்கள், வாடிக்கையாளர் பெயர்கள், எல்லாமே. எங்கள் தொழிற்சாலை இப்படி இருந்தால் உரிமத்தை அன்றே ரத்து செய்வார்கள். மதுரை சென்றபோது பழைய புத்தகக் கடையில் இத்துறை பற்றி ஒரு நூல் வாங்கினேன். முதல் ஆறு இயல்களை முடித்துவிட்டேன். கடினமாக இல்லை.

அன்புடன்,
ஜாபர் சாதிக்


சென்னை
8.7.2003

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் இன்றுதான் கிடைத்தது. கடைசி வரி என்னைப் பயமுறுத்துகிறது. 'கடினமாக இல்லை' என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது மிக்ஸியைக் கழற்றியபோது.

கோப்பறைகள் திறந்து கிடப்பது எனக்குத் தெரியும். நான் வந்துதான் பூட்ட வேண்டும். யார் யாரோடு சேர்ந்து எந்த வேலையைச் செய்கிறார்கள் என்பது அங்கே உட்கார்ந்து பார்த்தவளுக்குத்தான் தெரியும், புத்தகத்தில் இருக்காது. நேற்று இங்கே பயிற்சிக் கணினியில் நானே ஒரு தவறான அனுமதி போட்டு, வகுப்பு முழுவதையும் அரை மணி நேரம் வெளியே நிறுத்திவிட்டேன். ஆன்ட்டி பூட்டிட்டாங்க என்று ஒரே கூச்சல். பயிற்சி என்பதால் சிரிப்போடு போயிற்று.

ஆடிப் பதினெட்டுவரை சர்வர் ஓடினால் போதும், மச்சான். பாருங்கள். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரவில் விடுதியில் பெண்களெல்லாம் கைபேசியில் கிசுகிசுக்கிறார்கள். எனக்குத் தலையணைக்கடியில் உங்கள் கடிதம். அதில் ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லை.

நசிமா


விருதுநகர்
9.7.2003

அன்புள்ள நசிமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்னை மகிழ்விக்கும் ஒரு செய்தி. நேற்று மாலை அச்சகத்தில் சர்வரின் குழுக்களை நானே ஒழுங்குபடுத்திவிட்டேன். நீ வந்ததும் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதி குறைந்தது.

நீ வகுப்பில் சொன்ன உவமையையே அடிப்படையாகக் கொண்டேன். ஒவ்வொரு கோப்பறையும் ஓர் அறை. ஓர் அறைக்கு நால்வர். அதற்கு மேல் இல்லை. ஆல்பம் அறையில் ஏழு பேர் இருந்தார்கள். வடிவமைப்பாளர் மூவரையும் மெய்ப்புத் திருத்துபவர் ஒருவரையும் வைத்துக்கொண்டு மற்ற மூவரை நீக்கினேன். அதில் அச்சுத் தகடு தயாரிக்கும் பிளேட் பிரிவின் ஆவுடைத்தாயும் அடக்கம். பிளேட் போடுபவருக்கு முடிந்த வேலை போதுமே, உள்ளே வரத் தேவையில்லை என்பது என் கருத்து. விலைப்பட்டியல் அறையில் முதலாளியும் கணக்காளர்களும் மட்டும். சங்கிலிமுத்து அதில் ஐந்தாமவர், நீக்கப்பட்டார்.

தட்டிய ஒவ்வொரு கட்டளையையும் வரிசைப்படி குறித்து வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் உடனே வெளியேறிவிட்டேன். உள்ளே டீ குடிக்கவில்லை. நீ மகிழ்வாய் என நம்புகிறேன்.

அன்புடன்,
ஜாபர் சாதிக்


சென்னை
11.7.2003

மச்சானுக்கு,

நேற்று போனில் நான் கத்தியதை வார்டன் உட்பட விடுதியே கேட்டது. அதற்காக வெட்கப்படுகிறேன். சொன்னதற்காக இல்லை.

'நிறுத்திக்கொள்ளுங்கள்' என்று நான் எழுதிய கடிதம் ரயிலில் வந்துகொண்டிருந்தபோதே நீங்கள் முடித்துவிட்டீர்கள். போனில் நீங்கள் பேசவே நான் இடம் கொடுக்கவில்லை. அதனால் அங்கே நடந்ததை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். ஆல்பம் என்றால் வடிவமைப்பு முடிந்து, மெய்ப்பு முடிந்து, பிறகு பிளேட் என்று வரிசையாக நகராது. ராகுகாலம் ஒருவர் பார்ப்பார், பிறை தேதி ஒருவர் பார்ப்பார், மாதா கோயில் திருநாள் ஒருவர். பிளேட் போடும் நேரத்தில் ஆவுடைத்தாய் உள்ளே வந்து வண்ணத்தைத் திருத்துவாள். ஏழு பேரும் ஒன்றாகத்தான் வேலை செய்வார்கள். முந்தாநாள் காலை பாதிப்பேரால் கதவைத் திறக்க முடியவில்லை. மத்தியானம்வரை பிளேட் பிரிவு சும்மா உட்கார்ந்திருந்தது. பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? உள்ளே இருந்தவர்கள் வெளியே இருந்தவர்களுக்குத் தங்கள் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டார்கள். இப்போது அச்சகத்தில் எல்லாருடைய பாஸ்வேர்டும் எல்லாருக்கும் தெரியும். நீங்கள் பூட்டுவதற்கு முன்பு இருந்ததைவிட மோசம்.

முதலாளி எனக்கும் போன் செய்தார். வெளி ஆள் கை வைத்தது எப்படி என்று கேட்டார். ரூட் பாஸ்வேர்டைச் சங்கிலிமுத்துவிடம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மதுரைக் கம்பெனிதான் என்கிறார். கொடுத்தால் ஆல்பம் வருவதற்குள் இன்னும் நான்கு பேர் ரூட்டாக உள்ளே போவார்கள். கொடுக்காவிட்டால் என் வேலை போகும்.

கொடுக்காதீர்கள். எதையும் தட்டாதீர்கள். இந்த வேலைக்காக எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

நசிமா


விருதுநகர்
14.7.2003

அன்புள்ள நசிமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சனிக்கிழமை அச்சகத்துக்குச் சென்றேன். எதையும் தட்டவில்லை. என்னால் வெளியே நிறுத்தப்பட்ட ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சென்று, "உங்களை நீக்கியது நான்தான், இயந்திரக் கோளாறு அல்ல, நசிமாவும் அல்ல" என்று சொன்னேன். ஆவுடைத்தாய் பிளேட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏன் சார், நாலு பேருக்கு மேல இருந்தா கம்ப்யூட்டரு வெடிச்சிருமா?" வெடிக்காது என்றேன். "பெறகு எதுக்கு சார் நாலு?" என்றார்.

பதில் பேருந்தில் வரும்போது கிடைத்தது. எங்கள் தொழிலில் அறைக்குள் ஆள் குறைய வேண்டும் என்று மட்டும் கண்டித்துவிட்டு, வேலையின் அளவைக் குறைக்காமல் விட்டால், மிஞ்சியவர்கள் வீட்டுக்குப் போவதில்லை. மரத்தடியில் உட்கார்ந்து மருந்து செலுத்துவார்கள். அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. இதை எத்தனையோ கூட்டங்களில் நான் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். உன் அச்சகத்தில் எல்லாரும் கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொண்டார்கள் என்று நீ எழுதியபோது, அவர்களை மரத்தடிக்கு அனுப்பியவன் நான் என்று விளங்கியது. விதியின் எண்ணை எடுத்துக்கொண்டேன். அந்த எண் ஏன் வந்தது என்பதை விட்டுவிட்டேன்.

முதலாளி அறையில் சங்கிலிமுத்துவும் இருந்தார். முதலாளி, "சாவியக் குடுத்துருங்க சார், பெருசுபடுத்தாதீக" என்றார். "ஒப்படைத்தவள் சொன்னால் தருகிறேன். ஆனால் அவள் கொடுக்க வேண்டாம் என்கிறாள்" என்றேன். "அப்ப நான் யாரு?" என்றார். "இயந்திரத்துக்கு உரிமையாளர்" என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நான் தட்டிய கட்டளைகள் அத்தனையையும் வரிசைப்படி அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு பிரதி உனக்கும் இத்துடன். ஆடிப் பதினெட்டுவரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் பழையபடி ஓட வேண்டும்.

நீ எவ்வளவு ஆசைப்பட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நீ வருமுன் உன் சுமையைக் குறைக்க நினைத்தேன். இதை நியாயம் கேட்பதற்காக எழுதவில்லை.

ஜாபர் சாதிக்


சென்னை
18.7.2003

அன்புள்ள மச்சானுக்கு,

மரத்தடியை ரோஷினி மிஸ்ஸிடம் சொன்னேன். அடுத்த வகுப்புக்கு அதையே பாடமாக வைத்துக்கொள்கிறேன், உங்கள் வீட்டுக்காரரிடம் அனுமதி கேளுங்கள் என்றார். அனுமதி கொடுத்துவிட்டேன்.

புதன்கிழமை என்ன செய்தோம் தெரியுமா? தொலைதூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைவது எங்கள் அடுத்த பாடம். பாடத்தை நம் அச்சகத்திலேயே நடத்திவிட்டோம். ஆவுடைத்தாயிடம் போனில் சொன்னேன். அவள் பேக்ஸ் இயந்திரத்தின் தொலைபேசி வயரைக் கழற்றி சர்வரின் மோடத்தில் செருகினாள். இங்கிருந்து நான் உள்ளே போனேன். முதல் எழுத்துகள் திரையில் வந்தபோது, சென்னையில் உட்கார்ந்துகொண்டு சிவகாசியில் என் கையை நீட்டியது போல இருந்தது. நீங்கள் எழுதியனுப்பிய கட்டளைகளைக் கடைசியிலிருந்து முதல்வரை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டேன். நீங்கள் வரிசை தவறாமல் எழுதியிருந்ததால்தான் முடிந்தது. ஒரு வரிகூட விடுபடவில்லை. பாதியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓர் அறைக்கு நால்வர்! சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து மிஸ் பயந்துபோனார். அந்த நேரம் முழுக்க அச்சகத்துக்கு வெளி அழைப்பே வரவில்லை என்று சங்கிலிமுத்து அண்ணன் திட்டிக்கொண்டே இருந்தாராம்.

எல்லாருடைய பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லிவிட்டேன். நீங்கள் போட்டதில் ஒன்றை மட்டும் அவிழ்க்கவில்லை: விலைப்பட்டியல். அது சரியான பூட்டு. சங்கிலிமுத்து அண்ணனுக்குப் பார்க்க மட்டும் அனுமதி, மாற்ற முடியாது.

ரூட் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன். இப்போது அது எனக்கு மட்டும்தான் தெரியும். இதை எழுத ஒரு நாள் யோசித்தேன். உங்கள்மேல் கோபத்தில் செய்யவில்லை. இத்தனை பேர் இதைப்பற்றிப் பேசியபின் பழையதை வைத்திருக்கக் கூடாது என்பது முறை. ஆனாலும் உங்களிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டது போலத்தான் இருக்கிறது.

முதலாளிக்கும் எழுதியிருக்கிறேன். இரண்டாவது ஆளாக என் கணவரே இருக்கட்டும். ஆனால் அவர் தனியாக எதையும் தட்டக் கூடாது, பக்கத்தில் ஆவுடைத்தாய் நின்று 'சரி' சொன்ன பிறகுதான் என்று. உங்களைக் கேட்காமல் எழுதிவிட்டேன். ஒத்துக்கொள்வீர்களா?

நசிமா


விருதுநகர்
4.8.2003

அன்புள்ள நசிமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆல்பம் நேற்று வெளியாகிவிட்டது. அச்சக வாசலில் சந்தனமும் கற்கண்டும் கொடுத்தார்கள். வடநாட்டு வியாபாரிகள் வந்திருந்தார்கள். அட்டைப்படம் நன்றாக அமைந்திருக்கிறது. வண்ணத்தைத் திருத்தியவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டம் கலைந்தபின் முதலாளி என்னை அழைத்தார். சங்கிலிமுத்துவும் ஆவுடைத்தாயும் இருந்தார்கள். உன் கடிதம் மேசைமீது இருந்தது. "ஒங்க வீட்ல அவுகளுக்கே சிஸ்டம் பொறுப்பு. அதுல மாத்தமில்ல" என்றார். இரண்டாவது ஆளைப் பற்றிச் சங்கிலிமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலாளி கையை உயர்த்தி, "ஏலே முத்து, இந்த ஆபீஸ்ல எம்புட்டோ கெட்டுப் போயிருக்கு. நான்தான் கெடுத்தேன்னு வந்து சொன்ன ஒரே ஆளு இவுகதான். நீ ஒரு நாளாவது சொல்லியிருக்கியா? அந்தச் சாவி இவுகளுக்கே இருக்கட்டும்" என்றார். ஆவுடைத்தாய் என்னைப் பார்த்து, "நான் சரின்னு சொன்னாத்தான் தட்டணும், தெரியும்ல சார்?" என்று கேட்டார். தெரியும் என்றேன். சங்கிலிமுத்து முதன்முறையாக என்னைப் பார்த்து மனம்விட்டுச் சிரித்தார்.

நீ கேட்டதற்கு என் பதில்: ஒத்துக்கொள்கிறேன். நீ என்னிடம் கேட்டுவிட்டு எழுதியிருந்தால் நான் இரண்டு நிபந்தனைகள் விதித்திருப்பேன். நீ எழுதியதில் அவை இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன.

இப்போது ஒரு நடைமுறைச் சிக்கல். பொறுப்பு என்னிடம் இருக்கிறது. கடவுச்சொல் என்னிடம் இல்லை. முதலாளி இந்த வாரத்துக்குள் அது இந்த ஊரில் ஒருவரிடம் இருந்தாக வேண்டும் என்கிறார். அஞ்சலில் எழுதக் கூடாது. தொலைபேசியில் சொல்லக் கூடாது. உன் பக்கம் காப்பாளர், அச்சகத்தின் பக்கம் அனைவரும். யோசித்துப் பார்த்தேன். நேரில் வந்து கேட்டுக்கொள்வதைத் தவிர விதிக்கு உட்பட்ட வேறு வழி இல்லை.

தீபாவளிச் சீசனில் நான் விடுப்புக் கேட்டதை எங்கள் அலுவலகத்தில் யாரும் நம்பவில்லை. படிவத்தை இருமுறை திருப்பிப் பார்த்தார்கள். ஹாதியா பெட்டியில் எனக்குத் தெரியாமல் உனக்குப் பிடித்த அந்த நீலச் சட்டையை எடுத்து வைத்திருக்கிறாள். தெரியாதது போல இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை எழும்பூரில் இறங்குவேன். சொல்லைக் கேட்டுக்கொள்ள ஒரு நிமிடம் போதும் என்பதை அறிவேன். விடுப்பு, செவ்வாய்க்கிழமைவரை வாங்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஜாபர் சாதிக்